நான்கு கண்டங்களைச் சுவரில் சுமந்த கடை



இது கொஞ்சம் நீளமான பதிவு. காலையில் அவசரமாகப் புரட்டாமல், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாகப் படியுங்கள். இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்பது கடைசியில் தெரியும். நம் உறவினர்களுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.

2014-ஆம் ஆண்டு நானும் வீட்டம்மாவும் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தோம். இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக் மாவட்டத்தில் இப்ஸ்விச் என்று ஓர் ஊர். பக்கத்தில் மார்ட்டில்ஷாம் என்ற இடத்தில் பெரிய தொலைத்தொடர்பு ஆய்வு நிலையம் இருப்பதால் நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் அங்கே வேலை பார்க்கிறார்கள். மாப்பிள்ளையும் அப்படிப் போனவர்தான். ஒரு சனிக்கிழமை, "அம்மாவுக்கு ஒரு நல்ல கடை காட்டுகிறேன்" என்று மகள் எங்களை ஊருக்குள் அழைத்துப் போனாள். லேக்லேண்ட் என்ற சமையலறைப் பொருள்கள் விற்கும் கடை. வாணலி, வடிகட்டி, கேக் அச்சு, காய் சீவும் கருவி என்று உள்ளே இல்லாதது இல்லை.

வீட்டம்மா உள்ளே போய்விட்டார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். பேத்தி கையைப் பிடித்து இழுத்தும் நகரவில்லை. காரணம், அந்தக் கடை இருந்த கட்டடம்.

ஊர் மக்கள் அதைப் 'பழைய வீடு' என்ற பொருளில் ஏன்ஷியன்ட் ஹவுஸ் என்கிறார்கள். ஸ்பாரோ வீடு என்றும் பெயர் உண்டு. பட்டர்மார்க்கெட் என்ற தெருவும் செயின்ட் ஸ்டீபன்ஸ் சந்தும் கூடும் மூலையில் நிற்கிறது. பெயரிலேயே வெண்ணெய் மணக்கும் தெரு அது. பழைய சந்தைத் தெருக்களில் ஒன்று.

முதலில் பார்ப்பவருக்கு அது வீடு மாதிரியே தெரியாது. நம் கோயில் கோபுரத்தின் ஒரு நிலையைப் பிரித்து எடுத்துவந்து தெருவோரம் வைத்த மாதிரி இருக்கும். சுவர் முழுக்கச் சுதை வேலை. பூ, கொடி, பழக்கொத்து, மனித உருவங்கள், நடுவில் பெரிய அரச முத்திரை. மாடியில் வெளியே புடைத்து நிற்கும் சன்னல்கள். அவற்றின் கீழே உள்ள பலகைகளில் நான்கு புடைப்புச் சிற்பங்கள்.

சிற்பத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் வீட்டின் எலும்புக்கூட்டைப் பார்த்துவிடுவோம். 'மேல்பூச்சைப் பார்க்காதே, எது எடையைத் தாங்குகிறது என்று பார்' என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

இந்த வீட்டில் எடையைத் தாங்குவது கல்லும் அல்ல, செங்கல்லும் அல்ல, ஓக் மரம். கிழக்கு இங்கிலாந்தில் நல்ல கட்டடக் கல் கிடைப்பது அரிது. ஆகவே காட்டு மரத்தை வெட்டி, பச்சையாக இருக்கும்போதே செதுக்கி, கழுந்தும் துளையுமாகப் பொருத்தி, மர முளை அடித்து ஒரு சட்டகம் எழுப்புவார்கள். சட்டகத்தின் இடைவெளிகளில் மெல்லிய பட்டிகளைக் கட்டி மேலே சுண்ணாம்போ மண்ணோ பூசுவார்கள். பச்சை ஓக் காயக் காய முறுக்கிக்கொள்ளும்; மூட்டுகள் இன்னும் இறுகும். அந்த ஊர்ப் பழைய வீடுகள் ஒருபக்கம் சாய்ந்தும் நெளிந்தும் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். சாய்ந்திருக்கிறதே, விழுந்துவிடுமோ என்று நமக்குத்தான் பயம். அவை நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே நிற்கின்றன.

இன்னொன்றும் கவனித்தேன். மாடி, கீழ்த்தளத்தைவிடத் தெருப்பக்கம் முன்னால் நீண்டிருக்கிறது. கீழ்த்தளத்து உத்தரங்களைச் சுவருக்கு வெளியே நீட்டி, அந்த நுனியின் மேல் மாடிச் சுவரை நிறுத்தும் முறை இது. நெருக்கமான கடைத்தெருவில் மாடியில் கொஞ்சம் இடம் கூடும். கீழ்ச் சுவருக்கு மழைச் சாரலிலிருந்து காப்பும் கிடைக்கும். தவிர, இதெல்லாம் கொஞ்சம் அந்தஸ்துக் காட்டும் வேலையும்தான். நம்மூரில் வாசல் நிலைக்கு இருக்கிற மவுசு அங்கே முன்நீண்ட மாடிக்கு இருந்தது.

வீட்டின் பழைய பகுதிகள் 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அப்போது இப்ஸ்விச் பெரிய துறைமுகம். ஆர்வெல் ஆற்றில் கப்பல் வரும். சஃபோக்கில் நெய்த கம்பளித் துணி ஐரோப்பாவுக்குப் போகும். இங்கிலாந்தையே ஆட்டிவைத்த கார்டினல் வூல்சி இந்த ஊர்க்காரர்தான். அந்தக் காலத்து வணிகர் வீட்டு அமைப்பு எப்படியென்றால், தெருப்பக்கம் கடை, பின்னால் கிடங்கு, மாடியில் குடும்பம். நம் ஊர்ச் செட்டியார் கடைத்தெருவில் பார்த்த அதே ஏற்பாடு. 16-ஆம் நூற்றாண்டில் இது ஜார்ஜ் காப்பிங் என்பவர் கையில் இருந்தது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பாரோ குடும்பத்துக்கு வந்தது. அவர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இந்த வீட்டில் இருந்தார்கள். ஊர் நிர்வாகத்தில் பெரிய பதவிகளில் இருந்த குடும்பம்.

இன்று நாம் வியந்து பார்க்கும் முகப்பு, 1670-ஐ ஒட்டி ராபர்ட் ஸ்பாரோ செய்வித்தது. அதாவது உடம்பு 15-ஆம் நூற்றாண்டு, முகம் 17-ஆம் நூற்றாண்டு. பழைய வீடுகள் பலவும் இப்படித்தான். 'இது எந்த நூற்றாண்டு வீடு?' என்று கேட்பதே பிழை. 'இதில் எது எந்த நூற்றாண்டு?' என்று கேட்க வேண்டும்.

இந்தச் சுதை வேலைக்கு அங்கே பார்ஜெட்டிங் என்று பெயர். சஃபோக், எசெக்ஸ் பகுதிகளில் பெயர் பெற்ற கலை. சுண்ணாம்பு, மணல், அவற்றோடு மாட்டு மயிர் அல்லது குதிரை மயிர். சில இடங்களில் சாணமும் சேர்ப்பார்கள். மயிர் எதற்கு? சாந்து காயும்போது வெடிக்காமல் பிடித்துக்கொள்ள. நம் கொத்தனார்கள் சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காயும் வெல்லமும் கலந்தார்கள். அவர்கள் மயிரைக் கலந்தார்கள். தேவை ஒன்று; அந்தந்த ஊரில் கைக்குக் கிடைத்தது வேறு. ஈரமாக இருக்கும்போதே கரண்டியாலும் விரலாலும் உருவங்களைக் கொண்டுவருவார்கள். அச்சில் வார்த்துப் பதிப்பதும் உண்டு.

இப்போது அந்த நான்கு சிற்பங்கள். அவை நான்கு கண்டங்கள்.

ஐரோப்பாவுக்கு அடையாளம் கூர்மாடத் தேவாலயம். ஆசியாவுக்குக் கவிகை மாடக் கட்டடம். ஆப்பிரிக்காவுக்கு முதலை. அமெரிக்காவுக்குப் புகைக்குழாய், புகையிலை அங்கிருந்துதானே வந்தது! முதலையைச் செய்த கைவினைஞர் வாழ்நாளில் முதலையைக் கண்டிருக்க மாட்டார். அந்தக் காலத்தில் கண்டங்களை மனித உருவமாக வரைந்த படப் புத்தகங்கள் ஐரோப்பா முழுக்கப் புழங்கின. 1603-இல் படங்களோடு வெளிவந்த சேசரே ரீப்பாவின் 'ஐகனோலோஜியா' அவற்றில் பெயர் பெற்றது. ஐரோப்பாவை ராணியாக முன்னிறுத்தி, மற்றவர்களை அரை நிர்வாணமாகக் காட்டும் வழக்கம் அந்தப் புத்தகங்களில் இருந்தது. பார்வை யாருடையது என்பதை மறக்காமல்தான் இந்தச் சிற்பங்களையும் பார்க்க வேண்டும்.

பேத்தி கேட்டாள்: "தாத்தா, ஆஸ்திரேலியா எங்கே?"

எனக்கு அன்றைக்கு அதுதான் பெரிய சந்தோஷம். முப்பத்து நான்கு வருஷம் பாடம் நடத்தியவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இருப்பதைப் பார்ப்பது எளிது. இல்லாததைப் பார்ப்பதுதான் வரலாறு. டச்சு மாலுமிகள் 1606-லேயே ஆஸ்திரேலியக் கரையைத் தொட்டுவிட்டார்கள். ஆனால் இங்கிலாந்து வணிகர் ஒருவரின் மனத்தில் அது இன்னும் ஒரு கண்டமாக ஏறவில்லை. கேப்டன் குக் அதன் கிழக்குக் கரைக்குப் போனது 1770-இல். ஆக, எந்தக் கல்வெட்டும் இல்லாவிட்டாலும் அந்த வெற்றிடம் நமக்கு இந்த முகப்பின் காலத்தைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடும்.

ஆசியாவின் முன்னால் நான் அதிக நேரம் நின்றேன். அந்தச் சுதையைப் பூசிய வருஷத்தில் நம் சென்னையில் என்ன நடந்துகொண்டிருந்தது? 1639 ஆகஸ்ட் 22-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மதராசப்பட்டினத்தில் இடம் கிடைத்து, முப்பது ஆண்டு ஓடிவிட்டது. புனித ஜார்ஜ் கோட்டை எழும்பிவிட்டது. முகப்பின் நடுவில் இருக்கிறதே அரச முத்திரை, அது இரண்டாம் சார்லஸ் மன்னருடையது. போர்ச்சுகல் இளவரசி கேத்தரினை மணந்தபோது சீதனமாகப் பம்பாயைப் பெற்றவர் அவர்தான். 1668-இல் அதை வருஷம் பத்துப் பவுன் வாடகைக்குக் கம்பெனிக்குக் கொடுத்தவரும் அவரே. முத்திரையும் ஆசியாவும் ஒரே சுவரில் இருப்பது வெறும் அலங்காரம்போலத் தோன்றும். அந்த ராஜாவும் அந்த ஆசியாவும் அதே சமயத்தில் வெளியே நிஜமாகவே கணக்கு வழக்குத் தொடங்கியிருந்தார்கள். மூலையில் திரிசூலத்தோடு கடல் தெய்வம் நெப்டியூன் நிற்பதும் சும்மா இல்லை. துறைமுகத்து வணிகர் வீட்டில் கடலுக்குத்தான் முதல் மரியாதை.

அரச முத்திரையிலும் ஒரு செய்தி இருக்கிறது. உள்நாட்டுப் போரின்போது சஃபோக் வட்டாரம் மன்னரின் பக்கம் இல்லை; பாராளுமன்றத்தின் பக்கம் நின்றது. 1660-இல் மன்னராட்சி திரும்பியது. பத்து வருஷத்துக்குள் ஊரின் முக்கியப் புள்ளி ஒருவர் தன் வீட்டு முகப்பில் மன்னரின் முத்திரையை இவ்வளவு பெரிதாக வைக்கிறார். பக்தியா, பாதுகாப்பா? அவரவர் முடிவு செய்துகொள்ளுங்கள். ஆட்சி மாறியதும் நம் கடைகளில் மாட்டியிருக்கும் படம் மாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இந்த வீட்டுக்கு ஒரு கதையும் உண்டு. 1651-இல் வூஸ்டர் போரில் தோற்று ஓடிய சார்லஸ் இங்கேதான் ஒளிந்திருந்தார் என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூரைக்கடியில் மறைந்து கிடந்த ஒரு பழைய அறை கண்டுபிடிக்கப்பட்டதும் கதைக்குக் கால் முளைத்துவிட்டது. ஆனால் போர் நடந்தது செப்டம்பர் 3. அவர் ஓடியது வடக்கே. பாஸ்கோபெல் என்ற இடத்தில் ஓக் மரத்தின் மேல் ஒளிந்தார். பிறகு தெற்கே போய், அக்டோபர் 15-இல் சசெக்ஸ் கரையில் ஷோரமிலிருந்து பிரான்சுக்குக் கப்பலேறினார். இப்ஸ்விச் இருப்பதோ கிழக்குக் கோடியில். வரைபடத்தை விரித்தால் கதை நிற்காது. அந்த அறைக்கும் கட்டடக் கலையிலேயே விளக்கம் இருக்கிறது. இடைக்காலக் கூடங்கள் கூரைவரை திறந்தே இருக்கும். அழகான மரக் கூரையை எல்லோரும் அண்ணாந்து பார்க்கலாம். பின்னாளில் குளிருக்காகவும் வசதிக்காகவும் நடுவில் தளம் போட்டு மூடினார்கள். அழகான கூரை மச்சுக்கு மேலே இருட்டில் போய்விட்டது. சில தலைமுறை கழிந்தால் அப்படியொன்று இருப்பதே வீட்டாருக்கு மறந்துபோகும். ராஜா ஒளியாவிட்டாலும் ஒரு கூரை ஒளிந்திருந்தது. அதுவே எனக்குப் போதுமான ஆச்சரியம்.

சன்னலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளியே புடைத்து நிற்கும் அந்தச் சன்னல்கள் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டையில் கோத்தவை. ஒவ்வொன்றின் நடுவிலும் மேலே ஒரு வளைவு. நேர்கோட்டுச் சன்னலுக்கு நடுவே அந்த ஒரு வளைவு வருவதுதான் அதன் அழகு. இருநூறு ஆண்டு கழித்து நார்மன் ஷா என்ற கட்டடக் கலைஞர் இந்த வடிவத்தை எடுத்துக்கொண்டார். 1871-73-இல் லண்டன் லெடன்ஹால் தெருவில் நியூசிலாந்து சேம்பர்ஸ் என்ற அலுவலகக் கட்டடம் எழுப்பியபோது முகப்பில் இதே சன்னலை வைத்தார். பிறகு செல்சியில் ஸ்வான் ஹவுஸிலும் வைத்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் கையாள, 'இப்ஸ்விச் சன்னல்' என்றே பெயர் நிலைத்தது. லெடன்ஹால் தெரு என்றதும் வரலாறு படித்தவர்களுக்குப் பொறி தட்டும். நம் நாட்டை ஆண்ட கம்பெனியின் தலைமையகம் இருந்தது அதே தெருவில்தான்! நியூசிலாந்து சேம்பர்ஸ் இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் போய்விட்டது. நகல் அழிந்தது, மூலம் இன்னும் நிற்கிறது.

சரி, வீடு கடையானது எப்படி? ஸ்பாரோ குடும்பம் போன பிறகு இது பல காலம் புத்தகக் கடையாக இருந்தது. 20-ஆம் நூற்றாண்டில் கட்டடம் நலிந்தது. 1980 வாக்கில் நகர மன்றம் வாங்கிப் பழுது பார்த்தது. அதன் பிறகும் புத்தகம், பிறகு சமையலறைப் பொருள்கள் என்று கடையாகவே தொடர்ந்தது. முதல் தரத்தில் பட்டியலிடப்பட்ட கட்டடம் இது. இங்கிலாந்தில் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்த ஏற்பாடு இந்தப் பட்டியல். பட்டியலில் வந்துவிட்டால் முகப்பை மட்டுமல்ல, உள்ளே இருக்கும் மரப்பலகைச் சுவரையும் அனுமதியில்லாமல் மாற்ற முடியாது.

"இப்படிப்பட்ட வீட்டில் வாணலி விற்கிறார்களே, அருங்காட்சியகம் ஆக்கியிருக்கக் கூடாதா?" என்று நானே அன்று மகளிடம் கேட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். தொடக்கத்திலிருந்தே இது வணிகர் வீடுதான். விலை பேசும் சத்தம் இதற்குப் புதிதல்ல. அதைவிட முக்கியமானது வேறொன்று. கட்டடத்தைக் கொல்வது முதுமை அல்ல, ஆளில்லாமை. தினமும் கதவைத் திறக்கும் ஒருவர் இருந்தால் ஓடு நழுவியது அன்றே தெரியும். பூட்டிய வீட்டில் ஒரு மழைக்காலம் ஒழுகினால் உத்தரம் இற்றுவிடும். கடை வாடகை கொடுக்கும். அந்த வாடகை கூரையைக் காக்கும். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கட்டடத்துக்குக் கடை அடங்க வேண்டும். கடைக்குக் கட்டடம் அடங்கக் கூடாது. வாடகைக்கு வருபவர் மாறிக்கொண்டே இருப்பார். அவருக்காக ஒருமுறை இடித்த சுவர் திரும்பி வராது.

அந்த ஊரில் பழைய வீடுகளைப் பழுது பார்ப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் பாடம் ஒன்று. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். உள்ளே போன ஈரம் வெளியே வந்துவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே மரம் மக்கும். 20-ஆம் நூற்றாண்டில் நல்ல எண்ணத்தோடு சிமென்ட் பூசிக் கெடுத்த மரச்சட்டக வீடுகள் அங்கே ஏராளம்.

இதைக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. 1998-இல் நம் பூர்வீக வீட்டின் கூடத்துச் சுவரில் காரை உதிர்கிறது என்று, சிமென்ட் பூசச் சொன்னவன் நான்தான். தாத்தா காலத்துக் காரை அது. கை வைத்தால் முட்டை ஓடு மாதிரி வழுவழுவென்றிருக்கும். பெரிய அத்தை, "வேண்டாம்டா, சுண்ணாம்பே பூசு" என்று சொன்னார். "அத்தைக்கு என்ன தெரியும்" என்று சிரித்தேன். ஐந்தாறு வருஷத்தில் சிமென்ட் தகடு தகடாகக் கழன்றது, பழைய காரையையும் பிடித்துக்கொண்டு. இன்று வரை கொத்தனாரைத்தான் சொல்லிவந்தேன். தப்பு என்னுடையது. அத்தை இப்போது இல்லை; இங்கேயாவது சொல்லிவிடுகிறேன்.

உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த வீட்டை இடித்து வணிக வளாகம் கட்டலாமா, அப்படியே துணிக்கடைக்கு வாடகைக்கு விடலாமா என்று குடும்பக் குழுவில் இரண்டு மாதமாகப் பேச்சு நடக்கிறது. நான் வாய் திறக்காமல் இருந்தேன். இப்போது சொல்கிறேன். கடைக்கு விடுவதில் எனக்கு வருத்தமே இல்லை. திண்ணையில் துணி விற்றால் வீட்டுக்கு என்ன குறைச்சல்? தாத்தாவும் அங்கே உட்கார்ந்து நெல் வியாபாரம் பேசியவர்தானே! ஆனால் முற்றத்தை மூடக் கூடாது, தூணை எடுக்கக் கூடாது, திண்ணையை உடைக்கக் கூடாது, சுவருக்குச் சுண்ணாம்பு மட்டும்தான். இந்த நான்கையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டு கொடுங்கள். வாடகை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. என் பங்கில் அந்தக் குறைவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

மாணவர்களில் கட்டடப் பொறியாளர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள். நல்ல சுண்ணாம்புக் கொத்தனார் யாராவது இன்னும் வேலை செய்கிறாரா என்று விசாரித்துச் சொல்லுங்கள். வயதானவராக இருந்தாலும் பரவாயில்லை. பக்கத்தில் நின்று இளையவர் ஒருவர் கற்றுக்கொண்டால் போதும்.

அன்று வீட்டம்மா கடையிலிருந்து என்ன வாங்கி வந்தார் என்று கேட்பீர்கள். ஒரு தேநீர் வடிகட்டி. இன்றும் எங்கள் அடுக்களையில் இருக்கிறது. காலையில் டீ வடிகட்டும்போதெல்லாம் எனக்கு அந்த முதலை ஞாபகம் வரும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று சார்